பாறையோடு வந்த அழையா விருந்தாளிகள்: உப்புநீர்த் தொட்டியில் அறிகுறி வழியே அடையாளம் காணுதல்

தொட்டிக்குள் நீங்கள் காசு கொடுத்து வாங்காத ஏதோ ஒன்று நகர்கிறதென்றால், உடனே உள்ளே கையை விடாதீர்கள். சில உயிரினங்கள் கொட்டும் என்பது ஒரு காரணம். அங்கே ஊர்வது பெரும்பாலும் உங்கள் தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது என்பது இன்னொரு காரணம். லைவ் ராக் என்று விற்கப்படும் கடற்பாறையின் பொந்துகளிலும் பவளங்களின் அடிப்பகுதியிலும் ஒளிந்து வருபவற்றில் மிகப் பலவும் பாசியையும் மிச்ச உணவையும் தின்று பிழைக்கும் அப்பாவிகள். நத்தையை உடைப்பது, மீனைக் கடிப்பது, பவளத்தை மேய்வது எல்லாம் ஒரு சிலவே. ஆனால் பழி விழுவது என்னவோ அப்பாவிகள் மேல்தான். அவைதாம் கண்ணில் படுகின்றன. குற்றவாளி பொந்துக்குள் இருக்கும்.

ஆகவே உருவத்தைப் பார்த்ததும் பெயர் தேடி ஓடாமல், தொட்டியில் என்ன நடந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். கீழே உள்ளவை அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

முதலில், பார்க்கும் முறை

விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் இவை வெளியே வரும். டார்ச்சின் முகப்பில் சிவப்புத் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். முதுகெலும்பற்ற கடலுயிர்கள் பலவற்றுக்கும் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது. வெள்ளை ஒளி பட்ட நொடியில் ஓடி மறைபவை சிவப்பில் தம் வேலையைத் தொடரும். அலை மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாருங்கள், நீரோட்டத்தில் ஆடுவது எது, தானாக நகர்வது எது என்று பிரித்தறியலாம். போனில் படத்தைவிட வீடியோ எடுப்பது உதவும். கால்கள் எத்தனை, தலையில் உணர்கொம்புகள் எத்தனை, உடல் பக்கவாட்டில் தட்டையா மேலிருந்து தட்டையா, கூடு இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘புழு மாதிரி ஏதோ ஒன்று’ என்று சொன்னால் அனுபவசாலிகளாலும் உதவ முடியாது.

இன்னொன்று. எல்லாப் பவளங்களும் ஒரே நாளில் சுருங்கிக்கொண்டால் அது விருந்தாளியின் வேலையாக இருப்பது அரிது. உப்படர்த்தி, வெப்பநிலை, காரத்தன்மை ஆகிய மூன்றையும் முதலில் சோதியுங்கள். உயிரினத்தால் வரும் சேதம் ஓரிடத்தில் தொடங்கும். நீரால் வரும் சேதம் தொட்டி முழுவதும் தெரியும்.

அறிகுறி: இரவில் டக், டக் என்று சத்தம்

மோட்டார்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். சுண்ணாம்பு படிந்த இம்பெல்லரும் (மோட்டாரின் சுழலும் இறக்கை) ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டும் இதே சத்தத்தை எழுப்பும். எல்லாம் நின்ற பின்னும் சத்தம் கேட்டால் சந்தேகம் இரண்டின் மேல்: பிஸ்டல் இறால், மேன்டிஸ் இறால்.

பிஸ்டல் இறாலின் சத்தம் கூர்மையானது, பெரும்பாலும் ஒற்றையாக வரும். அதன் ஒரு கொடுக்கு மட்டும் உடலுக்குப் பொருந்தாத அளவில் பெருத்திருக்கும். அதை மூடும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி உண்டாகிறது. சத்தம் அந்தக் குமிழி நொறுங்கும்போது பிறக்கிறதே தவிர, கொடுக்கின் இரு பாதிகள் மோதுவதால் அல்ல என்று 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த இறால் மணலைத் தோண்டிப் பாறையின் அடியை ஆட்டம் காணச் செய்யலாம்; கைக்கு எட்டும் சிறு இறால்களை வீழ்த்தவும் கூடும். மற்றபடி பெரிய தொல்லை இல்லை. சில இனங்கள் கோபி மீன்களுடன் ஒரே வளையில் குடித்தனம் நடத்தும். நான் அதை விட்டுவிடவே சொல்வேன்.

மேன்டிஸ் கதை வேறு. பாறையை யாரோ தட்டுவது போல இரண்டு மூன்று அடிகள் அடுத்தடுத்துக் கேட்கும். மறுநாள் காலையில் பாறையடியில் உடைந்த நத்தை ஓடுகளும் நண்டுக் கால்களும் கிடக்கும். பெயரில் இறால் ஒட்டிக்கொண்டிருக்கிறதே ஒழிய, இது இறால் இனமல்ல. முன்கால்களை மடித்து மார்போடு வைத்திருக்கும். அவிழ்த்து அடிப்பதைக் கண்ணால் தொடர முடியாது. மயில் மேன்டிஸின் அடி நொடிக்குச் சுமார் 23 மீட்டர் வேகம் என்று 2004இல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. தொட்டிக்குள் ஒளிந்து வருபவை பொதுவாக விரலைவிடச் சிறிய இனங்கள்தாம், ஆனாலும் வெறுங்கையால் பிடிக்க நினைக்காதீர்கள்.

பிடிக்கும் வழி இது. சிவப்பு ஒளியில் பொந்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். விளிம்பு சுத்தமாக, வட்டமாக இருக்கும் ஒரு துளையில் காம்பின் மேல் அமர்ந்த இரண்டு கண்கள் தெரியும். ஒன்று உங்களைப் பார்க்கும்போது மற்றொன்று வேறு பக்கம் திரும்பும். வேறெந்த விருந்தாளியிடமும் இந்தப் பார்வை இல்லை. அந்தப் பாறையை அடையாளம் வைத்துக்கொண்டு, பகலில் வெளியே எடுத்துத் தொட்டி நீர் நிரம்பிய வாளியின் மேல் துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடியுங்கள். ஊசி நீக்கிய சிரிஞ்சில் இனிப்பு சேர்க்காத வெறும் சோடா நீரை எடுத்துத் துளைக்குள் பீய்ச்சுங்கள். கரியமில வாயு தாங்காமல் அது வாளிக்குள் குதித்துவிடும். முதல் முறை வராவிட்டால் மறு துளை ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். பாறையைத் தொட்டி நீரில் அலசிவிட்டுத் திருப்பி வைக்கலாம். துளை எங்கே என்று தெரியாதவர்கள் குறுகிய கழுத்துள்ள பாட்டிலில் இறால் துண்டு போட்டுப் படுக்கவைத்துப் பார்க்கலாம். பலன் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அறிகுறி: நத்தையோ மீனோ காணாமல் போகிறது

மீன் என்றால் முதலில் தொட்டிக்குப் பின்னால், தரையில் தேடுங்கள். மூடி இல்லாத தொட்டியில் மீனைக் கொல்வது பெரும்பாலும் குதிப்புதான். சம்ப் (தொட்டிக்குக் கீழே வடிகட்டிகள் வைக்கும் துணைத் தொட்டி), மேல்வழியும் பெட்டி ஆகியவற்றையும் பாருங்கள்.

நத்தை ஓடு உடையாமல் காலியாகக் கிடந்தால் அது தானாகச் செத்திருக்கலாம், அல்லது துறவி நண்டு ஓட்டுக்காகக் காலி செய்திருக்கலாம். ஓடு சில்லுச் சில்லாக உடைந்திருந்தால் மேன்டிஸ் அல்லது நண்டு.

ஒளிந்து வந்த நண்டு எதுவாக இருந்தாலும் கொடுக்கின் நுனியைப் பாருங்கள். நுனி கரண்டி போலத் தட்டையாகக் குழிந்திருந்தால் பாசி சுரண்டித் தின்னும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். குமிழ்ப் பாசி தின்பதற்காகவே வாங்கப்படும் மரகத நண்டின் கொடுக்கு இப்படிப்பட்டது. நுனி கூர்மையாக, கறுப்பாக, உடலெங்கும் மயிரோடு இருந்தால் எடுத்துவிடுங்கள். கொரில்லா நண்டு என்று பொழுதுபோக்காளர்கள் சொல்வது இதைத்தான். சிறிதாக இருக்கும்போது ஒன்றும் செய்யாது, வளர்ந்த பின் பவளத்தையும் தூங்கும் மீனையும் கிள்ளும். ஒரு விதிவிலக்கு மட்டும் மறக்கக்கூடாது: கிளைப் பவளத்தின் இடுக்கிலேயே வாழும் வழவழப்பான சிறு நண்டு. ட்ரபீசியா இனத்தவை இவை. பவளத்தின் சளியைத் தின்று, பதிலுக்கு எதிரிகளை விரட்டும். கடலில் முள்முடி நட்சத்திர மீனையே கடித்துத் துரத்துபவை. இதை எடுத்தால் நஷ்டம் பவளத்துக்கு.

மீனின் தலையிலோ செவுள் அருகிலோ சாம்பல் நிறத்தில் பூச்சி போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது சிரோலானிட் ஐசோபாட் என்னும் ஓட்டுடலி. மீனின் இரத்தத்தைக் குடிப்பது. பெரிய கண்கள், மேலிருந்து நசுக்கியது போன்ற தட்டை உடல், மிக வேகமான நீச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வேண்டாம். மீனைப் பிடித்து ஈரத்துணியில் வைத்து இடுக்கியால் எடுக்கலாம். ஆனால் ஒன்று வந்திருந்தால் ஒன்றோடு நிற்காது. எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றி, இந்தத் தொட்டியைப் பல மாதம் மீனில்லாமல் விடுவதுதான் நம்பகமான வழி. தாமதித்தால் மீன்களை இழக்க நேரும். இந்தப் பட்டியலில் அவசரப்பட வேண்டியது இது ஒன்றுக்குத்தான்.

அறிகுறி: செத்த மீனின் மேல் புழுக்கள்

காலையில் எழுந்து பார்த்தால் மீன் மணலில் கிடக்கிறது. அதன் மேல் செம்பழுப்பு நிறத்தில், இரு பக்கமும் வெண்முள் வரிசையோடு நாலைந்து பிரிசில் புழுக்கள். தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஆனால் அவை சாவு விழுந்த பிறகு வந்தவை. அழுகலை மணந்து வந்து, அது அமோனியாவாக மாறும் முன் தின்று முடிப்பது அவற்றின் தொழில். அவை பெருகியிருந்தால் நீங்கள் அதிகமாக உணவு போடுகிறீர்கள் என்று பொருள். உணவைக் குறைத்தால் புழு குறையும். வேறு வைத்தியம் தேவையில்லை.

முள்ளைத் தொட்டால் கண்ணாடி நார் குத்தியது போல நாள் கணக்கில் உறுத்தும். குத்திவிட்டால் தேய்க்காதீர்கள், ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் அழுத்தி உரித்தெடுங்கள்.

பிரிசில் புழுக்களிலும் ஒரு கெட்ட உறவு உண்டு. தாடிக்காரத் தீப்புழு என்பது தடித்து, முள் கற்றைகளின் அடியில் சிவந்த செவுள் கொத்துகளோடு, தலைமேல் மடிப்பு மடிப்பாக ஒரு சதைத் திரள் கொண்டிருக்கும். பவளத்தின் கிளை நுனியை விழுங்கி உரித்து வெள்ளையாக்கும். பகலிலேயே பவளத்தின் மேல் ஏறி அமர்ந்திருக்கும் தடித்த புழுவைக் கண்டால் இடுக்கியால் எடுத்துவிடலாம்.

தலையில் ஐந்து உணர்கொம்புகள், வானவில் நிறம் மின்னும் உடல், பொந்திலிருந்து பாதி மட்டும் வெளியே நீட்டி நொடியில் உள்ளே இழுத்துக்கொள்ளும் வழக்கம் ஆகியவை யூனிசிட் புழுவின் அடையாளம். சிறியவை பாசியும் கழிவும் தின்று பேசாமல் இருக்கும். சிலவோ மிகப் பெரிதாக வளரும். 2009இல் இங்கிலாந்தின் நியூகே நகரில் ப்ளூ ரீஃப் அக்வேரியத்தில் பவளங்கள் துண்டாவதும் மீன்கள் மறைவதும் ஏன் என்று தெரியாமல் காட்சித் தொட்டியையே பிரித்தார்கள்; பாறைக்குள் ஏறத்தாழ நாலடி நீளப் புழு இருந்தது. இந்தக் குடும்பத்தின் பெரிய வேட்டைப்புழுவான பாபிட் புழு உங்கள் தொட்டியில் இருக்கிறது என்று எடுத்த எடுப்பில் பயப்பட வேண்டாம். நூறு ‘பாபிட்’ அலறல்களில் ஒன்று கூடத் தேறாது என்பது என் கணிப்பு. ஐந்து கொம்புகளும் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அந்தப் பாறையைத் தனி வாளிக்கு மாற்றுங்கள். இழுத்து அறுக்காதீர்கள்.

அறிகுறி: பாறையில் பழுப்புப் பூக்கள் முளைக்கின்றன

விருந்தாளிகளில் எனக்கு மரியாதையும் எரிச்சலும் சேர்ந்து வருவது இதன் மேல்தான். கண்ணாடி போன்ற பழுப்புத் தண்டு, அதன் உச்சியில் நுனி நோக்கி மெலிந்து கூராகும் நீண்ட உணர்விழைகள், நிழல் பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் துளைக்குள் மறைவது: இது ஐப்டேசியா என்னும் கடற்சாமந்தி. பக்கத்தில் இருக்கும் பவளங்களைக் கொட்டிச் சுருக்கும். இதே போல் ஆனால் குட்டையாக, பச்சை சாயலோடு, இழை நுனிகள் உருண்டு பருத்திருந்தால் அது மஜானோ, குணம் அதேதான்.

சுரண்டக்கூடாது. நசுக்கக்கூடாது. பாறையில் ஒட்டியிருக்கும் பாதத்தின் சிறு துணுக்கு மிஞ்சினாலும் அது முழு உயிராக வளரும். கத்தியை எடுப்பவர் ஒன்றைப் பத்தாக்குகிறார்.

ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு பசை போதும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, தூளைச் சிறிது நீரில் குழைத்துப் பற்பசைப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மோட்டார்களை எல்லாம் நிறுத்துங்கள். சிரிஞ்சின் நுனியை மெல்ல அருகே கொண்டுசென்று, இழைகள் தொடும் வரை காத்திருந்து, நடுவிலுள்ள வாயின் மேல் பசையை மெதுவாக விடுங்கள். அவசரத்தில் பீய்ச்சினால் அது உள்ளே சுருங்கிக்கொள்ள, பசை வெளியே பரவி வீணாகும். மெதுவாக விட்டால் உணவென்று நினைத்து விழுங்கத் தொடங்கும். பிறகு சுருங்கும்போது பசையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். துளையை மேலும் சிறிது பசையால் மூடிவிட்டு, கால் மணி நேரம் கழித்து மோட்டாரைப் போடுங்கள். ஒரே நாளில் நிறைய இடங்களில் செய்தால் நீரின் பி.எச். ஏறிவிடும், நாலைந்தோடு நிறுத்துங்கள்.

தொட்டி முழுவதும் பரவிவிட்டால் ஊசி பயன்படாது, தின்னி வேண்டும். பெப்பர்மின்ட் இறால் சிறியவற்றைத் தின்னும், எல்லா இறாலும் தின்னும் என்று சொல்ல முடியாது. வாங்கும்போது கவனம்: ஒட்டக இறால் என்பதும் சிவப்புக் கோடுகளோடு அதே போலத் தோன்றும், ஆனால் அது மென்பவளங்களையே தின்னும். முதுகில் கூனும், கோடுகளுக்கிடையே தெளிவான வெண்கோடுகளும் இருந்தால் அது ஒட்டக இறால். பெர்கியா என்னும் ஓடில்லாத சிறு கடல்நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. தீர்ந்ததும் பட்டினியால் செத்துவிடும் என்பதால் அதற்கு முன்பே இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடுத்துவிடுவது நியாயம்.

அறிகுறி: ஒரு பவளம் மட்டும் மங்குகிறது, தழும்பு விழுகிறது

இங்கே உங்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி தேவை. அக்ரோபோரா என்னும் கிளைப் பவளத்தில் வட்ட வட்டமாக வெளிறிய கடிதடங்கள் இருந்தால் அதைத் தின்னும் தட்டைப்புழு. பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் பார்வைக்குச் சிக்காது. நீர்பீய்ச்சும் குழாயால் கிளையை ஊதினால் உதிர்ந்து பறக்கும். கிளையின் அடியில் செத்த பகுதியில் பழுப்பு முட்டைத் திட்டுகளைத் தேடுங்கள். கடிதடம் இல்லாமல் நிறம் மட்டும் மங்கினால், அரை மில்லிமீட்டர் அளவில் மஞ்சள் உடலும் சிவப்புப் புள்ளியும் கொண்ட ‘சிவப்புப் பூச்சி’ ஓடுகிறதா என்று பாருங்கள். தட்டுப் போல வளரும் மான்டிபோரா பவளத்துக்கு அடியில் வெண்மையாக, இறகு போன்ற சிறு கடல்நத்தைகள் மேய்ந்தால் விளிம்பிலிருந்து வெள்ளை பரவும். பொத்தான் போன்ற மென்மையான ஸோவாந்தஸ் உயிர்களின் திட்டுகள் திடீரென்று மூடிக்கொண்டால் அவற்றின் நிறத்தையே உடுத்திக்கொண்ட கடல்நத்தையையும், மேலே கறுப்பு வெள்ளைக் கட்டங்களோடு சுருண்ட சூரியக்கடிகார நத்தையையும் தேடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான சிக்கல் ஒன்று. மருந்துக் குளியல் வளர்ந்தவற்றைக் கொல்லும் அல்லது உதிர்க்கும். முட்டையை ஒன்றும் செய்யாது. முட்டைகளைக் கையால் சுரண்டி எடுத்து, வாரம் ஒரு முறை வீதம் பல வாரங்கள் குளியலைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே முறை செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அடுத்த மாதம் மறுபடியும் தொடங்குவார்கள்.

அறிகுறி: பாறையில் சிலந்தி வலை

கெட்டியான சுண்ணாம்புக் குழாயிலிருந்து வெளிவந்து நீரில் மிதக்கும் சளி வலை என்றால் வெர்மெடிட் நத்தை. வலை படும் பவளம் விரியாது. குழாயை இடுக்கியால் உடைத்து, வாயை ஜெல் வகை சூப்பர் பசையால் அடைத்துவிடுங்கள். வலை இல்லாமல், துளையிலிருந்து தனித்தனி நூல்களாக நீண்டு, ஒவ்வொன்றும் தானே சுருங்கி நீளுமானால் அது நூல்புழு, தீங்கற்றது.

அறிகுறி: கண்ணாடியில் ஏதேதோ

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பதில்: விட்டுவிடுங்கள். துள்ளி ஓடும் வெண்புள்ளிகள் கோபிபாட்கள். பக்கவாட்டில் தட்டையாக வளைந்து ஓடுபவை ஆம்பிபாட்கள். இரண்டும் மீனுக்கு உணவு. மோட்டாரின் மேல் வெள்ளைச் சுருள்கள் படிந்தால் அவை நீரை வடிகட்டித் தின்னும் குட்டிக் குழாய்ப்புழுக்கள். கண்ணாடியின் உச்சியில் இருக்கும் நத்தையிலிருந்து பால் போன்ற புகை கிளம்பினால் பயப்படாதீர்கள், அது இனப்பெருக்கம் செய்கிறது.

கை எண்ணிக்கை ஒழுங்கில்லாத, சாம்பல் நிறக் குட்டி நட்சத்திர மீன்கள் ஆஸ்டெரினா. உடலைப் பிரித்துப் பெருகுவதால்தான் அந்த ஒழுங்கின்மை. பெரும்பாலானவை பாசிப்படலம் தின்பவை. ஸோவாந்தஸின் மேலேயே இரவுதோறும் அமர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் பொறுக்கி எடுங்கள்.

துரு நிறத்தில், பின்முனை பிளவுபட்ட தட்டைப்புழுக்கள் திட்டுத்திட்டாகப் பரவினால் அலட்சியம் கூடாது. அவை மொத்தமாகச் செத்தால் வெளிப்படும் நஞ்சு மீனைக் கொல்லும். மருந்துக்கு முன், பல நாட்கள் மெல்லிய குழாயால் உறிஞ்சி எண்ணிக்கையைக் குறைத்து, நஞ்சை உறிஞ்சும் புதிய வடிகட்டிக் கரியும் மாற்றுநீரும் தயாராக வைத்துக்கொண்டே மருந்திடுங்கள்.

உங்களுக்கே ஆபத்தானவை

கூம்பு வடிவ ஓட்டில் அழகிய வலைக்கோலம் போட்ட நத்தையைக் கையில் எடுக்காதீர்கள். கூம்பு நத்தையின் நச்சு அம்பு மனிதரைக் கொன்றதுண்டு.

விருந்தாளிகளை ஒழிப்பதற்காகப் பாறையை வேகவைக்கவே கூடாது. ஸோவாந்தஸ், அதன் உறவான பாலிதோவா ஆகிய இனங்கள் ஒட்டியிருந்த பாறையைச் சூடாக்கி, ஆவியில் கலந்த பாலிடாக்சின் என்னும் நஞ்சைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. ஹவாயில் கிடைத்த பாலிதோவாவிலிருந்து 1971இல் பிரித்தெடுக்கப்பட்ட இந்த நஞ்சு, அறியப்பட்ட கடல் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். கையில் காயம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

பிடித்ததை என்ன செய்வது

நண்டும் மேன்டிஸும் சம்பில் அல்லது சிறு தனித் தொட்டியில் நன்றாகவே வாழும். மேன்டிஸை விரும்பி வளர்ப்பவர்கள் நிறையப் பேர், கேட்டால் வாங்கிக்கொள்வார்கள். கடலில் மட்டும் விடாதீர்கள், எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாலும். 1984இல் மொனாக்கோ கடலோரத்தில் சிறு திட்டாகக் கண்டறியப்பட்ட காலர்பா என்னும் தொட்டிப் பாசி, மத்தியதரைக் கடலின் பல பகுதிகளுக்குப் பரவியது.

புதிதாக வாங்கும் பாறையையும் பவளத்தையும் நேராகத் தொட்டிக்குள் வைக்காமல், ஹீட்டரும் ஒரு சிறு மோட்டாரும் உள்ள தனி வாளியில் ஆறு வாரமாவது வைத்திருங்கள். பவளத்துக்கு மேலே ஒரு விளக்கும் வேண்டும். ஒட்டியிருந்த முட்டைகளிலிருந்து வருபவை அந்த வாளியிலேயே வெளிப்பட்டுவிடும், அங்கே அவற்றைப் பிடிப்பதற்குப் பாறைகளைக் கலைக்க வேண்டியதில்லை.